ஆப்கன் ஆவணப்படம்: முதல் ஷாட்டிலிருந்து விழா அரங்கு வரை

தாலிபான் மீண்டும் காபூலைப் பிடித்த 2021 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் கேமராவைக் கையில் எடுப்பதே ஆபத்தான காரியமாகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில், பெண்கள் நடிக்கும் நாடகங்களை ஒளிபரப்பக் கூடாது என்று தொலைக்காட்சிகளுக்கு உத்தரவு போனது. 2024 ஆகஸ்டில் வந்த 35 பிரிவுகள் கொண்ட ஒழுக்கச் சட்டம், உயிருள்ளவற்றின் உருவத்தை வெளியிடுவதையே தடை செய்தது. ஆனாலும் படங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆப்கன் இயக்குநர் சஹ்ரா மானி, காபூல் பெண்கள் தங்கள் ஃபோன்களில் எடுத்து அனுப்பிய காட்சிகளைக் கொண்டு உருவாக்கிய ‘பிரெட் அண்ட் ரோஸஸ்’ 2023-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

முதல் அல்லது இரண்டாவது படம் எடுக்கும் ஆப்கன் இயக்குநரையும், வெளிநாட்டில் இருந்துகொண்டு அவரோடு வேலை செய்யும் எடிட்டர், மொழிபெயர்ப்பாளர், தயாரிப்பாளரையும் மனதில் வைத்து எழுதியது இது. வேலையின் வரிசை முக்கியம்: பாதுகாப்பு, கூட்டாளி, நிதி, கடைசியில்தான் விழா. பெரும்பாலான தவறுகள் விழாவிலிருந்து தொடங்குவதால் வருகின்றன. கெடு தேதியைப் பார்த்ததும் அவசரமாக ஒரு எடிட் பிரதியை ஏற்றிவிட்டு, அதில் யார் முகம் தெரிகிறது என்று பிறகு யோசிக்கிறார்கள்.

எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

ஆப்கானிஸ்தானுக்குள் இருப்பவர், ஈரான் அல்லது பாகிஸ்தானில் இருப்பவர், ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ குடியேறியவர் ஆகிய மூவருக்கும் வழிகள் வேறு.

உள்ளே இருப்பவரால் தன் பெயரில் வெளிநாட்டு ஒப்பந்தம் போடுவதும் பணம் பெறுவதும் கடினம். ஆனால் வேறு யாருக்கும் கிடைக்காத காட்சிகள் அவர் கையில் இருக்கின்றன. பாகிஸ்தானிலும் ஈரானிலும் இருப்பவருக்கு விசா காலாவதியும் நாடுகடத்தலும்தான் பெரிய பயம். பாகிஸ்தான் 2023 இறுதியில் ஆப்கானியரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது, ஈரான் 2025-ல் பெரும் எண்ணிக்கையில் வெளியேற்றியது. அங்கே இருப்பவர் படத்துக்கு நிதி தேடுவதற்கு முன்பே அவசர உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் வேறொரு சிக்கல் வரும். வளரும் நாட்டு இயக்குநர்களுக்கான நிதிகளில் சில குடியுரிமையைப் பார்க்கும், சில வசிக்கும் நாட்டைப் பார்க்கும். விதிமுறையில் இந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அவசர உதவிக்குத் தட்ட வேண்டிய முதல் கதவு, ஆபத்திலுள்ள திரைப்படக் கலைஞர்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு. ஐரோப்பிய திரைப்பட அகாதமி, ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழா, ராட்டர்டாம் விழா மூன்றும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. ஜெர்மனியின் மார்ட்டின் ரோத் முன்முயற்சி, பிரான்சின் பாஸ் திட்டம் இரண்டும் கலைஞர்களுக்குத் தற்காலிகப் புகலிடமும் உதவித்தொகையும் தருபவை. இத்தகைய அமைப்புகளிடம் போகும்போது மூன்று விஷயங்களைத் தயாராக வைத்திருங்கள்: செய்த படங்களின் பட்டியல், அச்சுறுத்தலுக்கான ஆதாரம் (குறுஞ்செய்தி, அழைப்புப் பதிவு, சம்பவங்களின் தேதிவாரிக் குறிப்பு), பணம் எதற்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு. “ஆபத்தில் இருக்கிறேன், காப்பாற்றுங்கள்” என்று மட்டும் எழுதிய கடிதங்கள், உண்மையாகவே இருந்தாலும், சரிபார்க்க முடியாமல் தேங்கிவிடும்.

படப்பிடிப்பு

ஃபோனில் எடுப்பதில் குறையொன்றும் இல்லை. ஹசன் ஃபாசிலி தன் குடும்பத்தின் அகதிப் பயணத்தை மூன்று ஃபோன்களில் எடுத்த ‘மிட்நைட் டிராவலர்’ 2019-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. ஆனால் ஃபோன் இரண்டு இடங்களில் காலை வாரும்.

ஒன்று, ஃபிரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படம் பதிகிறது என்பது. ஃபோனின் சொந்தக் கேமரா செயலி வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் வேகத்தை 25 ஃபிரேமில் பூட்டி, ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். ஆப்கானிஸ்தானின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 ஃபிரேமில் எடுத்தால் குழல்விளக்கு துடிக்கலாம், அதைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஏற்கெனவே எடுத்துவிட்ட ஃபுட்டேஜாக இருந்தால், எடிட்டிங்கிற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, ஒலி. ஃபோன் மைக் அறையின் எதிரொலியைத்தான் அதிகம் பிடிக்கும். காலரில் குத்தும் சாதாரணக் கம்பி மைக் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் இரண்டாவது ஃபோனைப் பேசுபவரின் மடியில், துணிக்கு அடியில் வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் இருந்தால் இரண்டையும் பொருத்துவது எளிது.

சேமிப்புக்கு இப்படிக் கணக்குப் போடலாம். விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி, 40 மணி நேரத்துக்கு 900 ஜிபி. இதை உள்ளூர் மொபைல் டேட்டாவில் வெளியே அனுப்ப முடியாது. அதனால் 2 மெகாபிட்டில் ஒரு சிறு பிரதி தயாரியுங்கள். மணிக்கு 0.9 ஜிபிதான் வரும், எடிட்டர் அதை வைத்தே வெட்டத் தொடங்கலாம். மூலப் பிரதி நம்பகமான ஒருவர் கையோடு எல்லை தாண்டும்வரை காத்திருக்கட்டும். 2025 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 1 வரை நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது நினைவிருக்கும். கெடுவின் கடைசி நாளை நம்பி எதையும் ஏற்றக் கூடாது, குறைந்தது பத்து நாள் இடைவெளி வேண்டும்.

எடுத்த காட்சி ஃபோனில் இரவு தங்கக் கூடாது. வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டிய வன்தட்டுக்கு மாற்றி, அதே நாளில் ஃபோனிலிருந்தும் அதன் “சமீபத்தில் நீக்கியவை” அடுக்கிலிருந்தும் அழியுங்கள். கேமராவின் இடக்குறிப்பு வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் வீட்டின் அட்சரேகை உட்கார்ந்திருக்கும். 1996-ல் தாலிபான் முதன்முறை காபூலைப் பிடித்தபோது, அரசின் ‘அஃப்கான் ஃபிலிம்’ ஊழியர்கள் நெகட்டிவ் சுருள்களை ஒரு பொய்ச்சுவருக்குப் பின்னால் அடைத்துக் காப்பாற்றினார்கள். இன்று பூட்டிய வன்தட்டுதான் அந்தச் சுவர்.

முகம், குரல், ஒப்புதல்

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை, மிக ஆபத்தான நம்பிக்கையும் அதுதான். அக்கம்பக்கத்தார் ஒருவரை அடையாளம் காண்பது முகத்தால் மட்டுமா? நடையால், கையிலுள்ள மோதிரத்தால், திரைச்சீலையின் பூவால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையின் வளைவால் காண்கிறார்கள். காபூலில் கோபுரங்களோடு நிற்கும் ஆஸ்மாயி மலை எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்தே குடியிருப்பைக் கணித்துவிடலாம். அதனால் படம்பிடிக்கும்போதே மறையுங்கள். கைகள், முதுகு, நிழல், தேநீர்க் கோப்பை, கதவு இடுக்கு என்று ஷாட்டை அமையுங்கள். பிறகு சேர்க்கும் மங்கலைவிட இது அழகாகவும் இருக்கும். குரலை மென்பொருளால் மாற்றுவதைவிட, அதே வாக்கியங்களை அதே மொழிவழக்கு பேசும், நாட்டுக்கு வெளியே வாழும் ஒருவரைக் கொண்டு மறுபடி பேசவைப்பது பாதுகாப்பானது. பணம் இருந்தால் 2020-ல் வெளியான ‘வெல்கம் டு செச்னியா’ செய்ததுபோல் தன்னார்வலர் முகத்தை டிஜிட்டலாகப் பொருத்தலாம், ஆனால் முதல் படத்தின் பட்ஜெட் அதற்குத் தாங்காது.

ஒப்புதல் படிவத்தைக் காகிதத்தில் வாங்கி வீட்டில் வைப்பது, பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பதற்குச் சமம். ஆப்கன் மொழிகளான தரியிலோ பாஷ்தோவிலோ குரல்பதிவாக வாங்குங்கள், அதைப் படத்தின் கோப்புகளோடு வைக்காமல் வெளிநாட்டில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள். பதிவில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எங்கெல்லாம் திரையிடலாம், இணையத்தில் வரலாமா, முகம் தெரியலாமா, எதுவரை விலகிக்கொள்ளலாம். ரஃப் கட் (படத்தின் முதல் எடிட் வடிவம்) முடிந்ததும் மறுபடி காட்டிக் கேளுங்கள். ஓராண்டில் அவர் வீட்டு நிலைமை மாறியிருக்கும், அண்ணனுக்கு வேலை கிடைத்திருக்கும், பதில் வேறாக இருக்கலாம்.

வெளியில் ஒரு கூட்டாளி

ஆப்கன் இயக்குநருக்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஒரு தயாரிப்பாளர் இருப்பது பாதி வேலை முடிந்தது போல. ஃபாசிலியின் படத்தை அமெரிக்காவிலிருந்து தயாரித்து, எழுதி, எடிட் செய்தவர் எமிலி மஹ்தவியான். பணம் அனுப்புவதை, பொருளாதாரத் தடைகளிலிருந்து விலக்களித்து அமெரிக்கா 2022 பிப்ரவரியில் கொடுத்த பொது உரிமம் 20 பெரும்பாலும் அனுமதிக்கிறது. ஆனாலும் “ஆப்கானிஸ்தான்” என்ற சொல்லைப் பார்த்ததும் வங்கிகள் பரிவர்த்தனையை நிறுத்திவைப்பது வழக்கம். வங்கியில்லாமல் கைமாற்றாகப் பணம் அனுப்பும் ஹவாலாவில் அனுப்பினால் நிதி நிறுவனம் கேட்கும் ரசீது கிடைக்காது. ஒப்பந்தம் கூட்டாளி பெயரில் இருந்தால் எடிட்டிங், ஒலிக்கலவை, வண்ணத் திருத்தம் ஆகிய செலவுகள் அங்கேயே நடக்கும். உள்ளே அனுப்ப வேண்டிய தொகை சிறியதாகிவிடும்.

கூட்டாளியைத் தேட நல்ல இடங்கள், பெரிய விழாக்களின் பயிற்சித் திட்டங்களும் பிட்ச்சிங் அரங்குகளும் (படத்திட்டத்தை நிதி தருபவர்கள் முன் எடுத்துச்சொல்லும் இடம்). பெர்லின் விழாவின் பெர்லினாலே டேலண்ட்ஸ், இட்ஃபாவின் அகாதமி, கொல்கத்தாவின் டாக்எட்ஜ், பூசான் விழாவின் ஆசிய ஆவணப்பட வலையமைப்பு எல்லாம் இளம் இயக்குநர்கள் அணுகக்கூடியவை. அகதியாக ஐரோப்பா வந்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆவணப்படப் பட்டப்படிப்பான டாக்நோமாட்ஸையும் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை உறுதிசெய்யுங்கள். மூல ஃபுட்டேஜின் உரிமை இயக்குநருடையது. இறுதிக் கட் இருவரும் ஒப்புக்கொண்டதாக இருக்கும். பாதுகாப்புக் காரணத்துக்காகக் காட்சியை நீக்கச் சொல்லும் உரிமை இயக்குநருக்கு எப்போதும் உண்டு. ஃபுட்டேஜை வாங்கிக்கொண்டு இயக்குநரை “கள ஒருங்கிணைப்பாளர்” என்று டைட்டிலில் போடுவது நடக்கிறது. இதில் கூச்சப்பட வேண்டியதில்லை, பெயர் எந்த இடத்தில் வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

விண்ணப்பக் கோப்பு

எல்லா நிதிகளும் ஏறக்குறைய ஒரே பொருட்களைத்தான் கேட்கும்: லாக்லைன் (படத்தை ஓரிரு வரியில் சொல்வது), ஒரு பக்கச் சுருக்கம், மூன்று முதல் ஐந்து பக்க டிரீட்மென்ட் (படம் எப்படி நகரும் என்ற விவரிப்பு), இயக்குநர் குறிப்பு, கால அட்டவணை, பட்ஜெட், நிதித் திட்டம், 5 முதல் 10 நிமிட மாதிரிக் காட்சி.

லாக்லைனில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். “தாலிபான் ஆட்சியில் பெண்கள் படும் துயரம்” என்று எழுதினால் தேர்வாளர் ஏற்கெனவே படித்த நூறு விண்ணப்பங்களோடு கலந்துபோகும். இப்படி எழுதிப் பாருங்கள்: “காபூலின் தஷ்த்-எ-பர்ச்சியில் பள்ளி மூடப்பட்ட பிறகு, 17 வயதுப் பெண் ஒருத்தி தையல்கடையின் பின்னறையில் ஐந்து சிறுமிகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். கடையின் குத்தகை முடிய இன்னும் நான்கு மாதம்தான்.” ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. ஆனால் இதே வரி விழாவின் இணையப்பக்கத்துக்குப் போகும்போது குடியிருப்பின் பெயர், வயது, தையல்கடை மூன்றும் போய்விட வேண்டும். அதனால் லாக்லைனை எப்போதும் இரண்டாக எழுதுங்கள். தேர்வுக்குழுவுக்கு ஒன்று, பொதுவெளிக்கு ஒன்று.

மாதிரிக் காட்சி என்றால் இசை போட்ட டிரெய்லர் என்று நினைக்காதீர்கள். வெட்டாமல் ஓடும் இரண்டு மூன்று காட்சிகள் போதும். அந்த மனிதரோடு உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அனுப்பும்போது விமியோ வீடியோ தளத்தில் கடவுச்சொல் போட்ட இணைப்பு. கடவுச்சொல் தனி மின்னஞ்சலில்.

பட்ஜெட்டில் மறந்துவிடும் இரண்டு செலவுகள், மொழிபெயர்ப்பும் பாதுகாப்பும். ஒரு மணி நேர ஃபுட்டேஜை நேரக்குறியோடு மொழிபெயர்க்க ஒரு முழு நாள் ஆகும். 40 மணி நேரம் இருந்தால் அது 40 நாள் கூலி. பங்கேற்பாளர் வீடு மாற நேர்ந்தால் ஆகும் செலவு, இரண்டாவது வன்தட்டு, ஃபோன் மாற்றம் ஆகியவற்றைத் தனித் தலைப்பில் எழுதுங்கள். நிதி தருபவர்கள் இதை வீண் என்று நினைப்பதில்லை, யோசித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

யாரிடம் கேட்பது

இட்ஃபா பெர்த்தா நிதி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் ஆவணப்படங்களுக்கு என்றே இருப்பது. மேம்பாட்டுக் கட்டத்துக்கும் தயாரிப்புக் கட்டத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். சன்டான்ஸ் ஆவணப்பட நிதி எல்லா நாட்டவருக்கும் திறந்தது. பெண் இயக்குநர் என்றால் சிக்கன் அண்ட் எக் அமைப்பைத் தவறவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் விசியோன் சூத் எஸ்ட், தென்கொரியாவின் டிஎம்இசட் டாக்ஸ் விழா நிதி இரண்டும் முதல் படங்களுக்கு ஏற்றவை. பெர்லினாலேயின் உலக சினிமா நிதிக்கு ஜெர்மன் தயாரிப்புக் கூட்டாளி வேண்டும், ஆகவே அது இரண்டாவது சுற்றுக்கு.

முதலில் சிறிய மேம்பாட்டு நிதியைக் குறிவையுங்கள். ஒரு அமைப்பின் பெயர் நிதித் திட்டத்தில் ஏறிவிட்டால் அடுத்தவர் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்.

விழாவும் முதல் திரையிடலும்

ஒரு படத்துக்கு உலக முதல் திரையிடல் ஒரே ஒரு முறைதான். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் உலக முதல் திரையிடலையோ, சொந்த நாட்டுக்கு வெளியே முதல் திரையிடலையோ கேட்கும். ஆர்வத்தில் யூடியூபில் ஏற்றிவிட்டாலும், பணம் கட்டினால் வாரம் ஒரு “சிறந்த படம்” விருது தரும் இணைய விழாக்களில் போட்டாலும் அந்த வாய்ப்பு போய்விடும். அந்த இணைய விழாக்களின் இலைவளையச் சின்னங்களுக்கு எந்தத் தேர்வாளரும் மதிப்புத் தருவதில்லை.

ஆண்டின் ஓட்டம் ஏறக்குறைய இப்படி: ஜனவரியில் சன்டான்ஸ், மார்ச்சில் கோபன்ஹேகனின் சிபிஎச் டாக்ஸ், ஏப்ரலில் நியோனின் விசியோன் து ரியேல், ஏப்ரல் கடைசியில் டொராண்டோவின் ஹாட் டாக்ஸ், ஜூனில் ஷெஃபீல்ட், செப்டம்பரில் டிஎம்இசட், அக்டோபரில் லைப்சிக், நவம்பரில் இட்ஃபா. விண்ணப்பம் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் முன்பே முடிந்துவிடும். அபூசர் அமீனியின் ‘காபூல், சிட்டி இன் த விண்ட்’ 2018 இட்ஃபாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. முதல் முழுநீளப் படத்துக்கும் அந்த மேடை கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறோம்.

முதல் படத்துக்கு மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று ஜப்பானின் யமகதா. 1989 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபரில் நடக்கிறது. அதன் ‘நியூ ஏசியன் கரன்ட்ஸ்’ பிரிவு ஆசியாவின் இளம் ஆவணப்படக்காரர்களுக்கே உரியது. நுழைவுக் கட்டணமும் இல்லை. காத்மாண்டுவின் ஃபிலிம் சவுத் ஏசியா ஆப்கானிஸ்தானையும் தெற்காசியாவில் சேர்த்தே பார்க்கிறது. இந்தியா, இலங்கையிலிருந்து வரும் தமிழ் ஆவணப்படங்களோடு ஆப்கன் படமும் அங்கே போட்டியிடலாம்.

கட்டணம் இருக்கும் விழாவுக்கு, கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே நிகழ்ச்சிக் குழுவுக்கு நான்கு வரி எழுதி விலக்கு கேளுங்கள்: படத்தின் பெயர், நீளம், எங்கிருந்து அனுப்புகிறீர்கள், ஏன் கட்ட இயலாது. பல விழாக்கள் தள்ளுபடிக் குறியீடு அனுப்பும். கடைசி நாளில் கேட்டால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

சப்டைட்டிலும் பிரதியும்

ஆங்கில சப்டைட்டில் மோசமாக இருந்தால் தேர்வாளர் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார். வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல், குறைந்தது ஒரு விநாடி நிற்கும்படி வையுங்கள். உறவுப் பெயர்கள் பெரிய சோதனை. தரியில் தாயின் சகோதரர் ‘மாமா’, நம் வீட்டில் அழைப்பது போலவே. தந்தையின் சகோதரர் ‘காகா’. தந்தையின் சகோதரியோ ‘அம்மா’! ஆங்கிலத்தில் எல்லாரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அடைத்துவிட்டால், யார் வீட்டில் யாருக்கு அதிகாரம் என்ற கதையின் முடிச்சே அவிழ்ந்துபோகும். தேவையான இடத்தில் “தாயின் சகோதரர்” என்று விரித்து எழுதவைக்க வேண்டும். ஹஸாரா மக்களின் வழக்கான ஹஸாராகி பேசும் காட்சியைக் காபூல் தரி மட்டும் தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள்.

சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதிக்காத சுத்தப் பிரதி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தரக் கோப்பு வடிவத்தில், 1080, 25 ஃபிரேம் என்றால் மணிக்குச் சுமார் 83 ஜிபி வரும், ஆகவே இந்த வேலையை வெளியில் இருக்கும் கூட்டாளியே செய்யட்டும். திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியான டிசிபியை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். செய்தபின் ஒரு உண்மையான திரையரங்கில் முழுவதும் ஓட்டிப் பாருங்கள்.

தேர்வான பிறகு

அழைப்புக் கடிதம் வந்த அன்றே விசா வேலை தொடங்க வேண்டும். ஐரோப்பியத் தூதரகங்கள் காபூலில் விசா தருவதில்லை என்பதால் இஸ்லாமாபாத், தெஹ்ரான் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும், அதற்கே முதலில் ஒரு விசா. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். மறுக்கப்பட்டால் கலந்துரையாடலுக்கு இணையவழி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், முகம் காட்டாமல் குரல் மட்டும் என்றாலும் விழாக்கள் ஒப்புக்கொள்ளும். பணம் வாங்கிக்கொண்டு விழா அழைப்பும் விசாவும் சேர்த்துத் தருவதாகச் சொல்பவர்களை நெருங்கவே விடாதீர்கள்.

விழாவிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: இணையத் திரையிடல் ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தானில் திறக்காதபடி முடக்கம், விளம்பரப் படங்களில் எந்தப் பங்கேற்பாளரும் இல்லாமை, கலந்துரையாடலைப் பதிவுசெய்யாமை, தேவைப்பட்டால் புனைபெயர். தொலைக்காட்சி அல்லது விற்பனை முகவர் வந்தால் அவர்களோடும் இதே விதிகள். இவற்றோடு ஒரு தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். பங்கேற்பாளர் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், இரவு எத்தனை மணியானாலும் படத்தை இணையத்திலிருந்து இறக்கக்கூடியவரின் எண். படம் வெளியாகும் முன்பே அந்த எண்ணை ஒரு முறை அழைத்து, எடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.